சோங்கா தடவிப் பார்க்கும் காலர்கள்

பல்கேரியாவில் பிளெவென் நகரத்து முதியோர் இல்லத்தின் சலவை அறையில், எனக்கு முன்பே அங்கே வேலையிலிருந்த சோங்கா துணி பிரிப்பதை முதல் நாள் பார்த்தபோது, இதற்கெல்லாம் ஒரு ஆளா என்றுதான் நினைத்தேன். இருபது வருஷம் பஸ் ஓட்டி, கம்பெனியை மூடியதும் ஐம்பத்திரண்டு வயதில் அங்கே வந்து நின்றவன் நான். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார்கள்.

வெள்ளை, சாயத்துணி, கம்பளி என்று மூன்று கூடை. சோங்கா பாக்கெட்டைத் துழாவுவாள், ஜிப்பை இழுத்து மூடுவாள், சட்டையின் உள்புறத்தை வெளியே திருப்புவாள். மார்ச்சில் மட்டும் இன்னொரு வேலை. எங்கள் ஊரில் வசந்தத்தை வரவேற்க ஒன்றாம் தேதி சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூலை, முதல் நாரையைக் கண்ணால் பார்க்கும்வரை யாரும் கழற்ற மாட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் நாரைக்கு எங்கே போவார்கள்? தொலையாமலிருக்க இரவு உடையின் உள்பக்கம் குத்திக்கொள்வார்கள். சோங்கா காலர் காலராகத் தடவி நூலை எடுத்து, பெயரோடு தனியே வைத்து, துவைத்தபின் அதே இடத்தில் குத்திக் கொடுப்பாள். சாயம் போகிற மலிவு நூல் அது.

அவள் பல் டாக்டரிடம் போயிருந்த ஒரு காலையில், நான் பாக்கெட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு வெள்ளைத் துணியால் மிஷினை நிரப்பினேன். கதவைத் திறந்தால் எல்லாம் ரோஸ் நிறம். அடியில் ஏழு நூல்கள். அன்றுதான் என் மூன்று மாதம் முடிகிற நாள். எப்படியாவது மறைத்துவிடலாமென்று டிரையருக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது சோங்கா வந்துவிட்டாள்.

"காயவெச்சா சாயம் பிடிச்சுக்கும், அண்ணே. வெளிய எடுங்க. பஸ்ஸு பள்ளத்துல எறங்கினா ஆக்சிலேட்டரையா மிதிப்பீங்க?"

திட்டவில்லை. சுடுதண்ணீரில் வெளுப்புப் பொடியைக் கரைத்து எல்லாவற்றையும் ஊறப்போட்டாள். துணி பாதி வெளுத்திருக்கும்போதே மேற்பார்வையாளர் குனேவா அம்மா வந்து நின்றார். என் தப்புதான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு சோங்காவைக் கேட்டார், இந்த ஆளை வைத்துக்கொள்ளலாமா என்று.

சோங்கா தொட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இவர் கெடுத்து முடிச்சாச்சு மேடம். புது ஆள எடுத்தா, அவரு மொதல்ல இருந்து கெடுக்கணும்."

குனேவா அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது.

ஏழு வருஷமாக என் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு பேச்சால்தான். நேரில் நன்றி சொன்னால் காதில் வாங்கமாட்டாள். அதனால் எழுதி வைக்கிறேன்.