தலைச்சோலைக் கல்யாணமும் பெயர் தொலைந்த படங்களும்

ஃபைல் சிஸ்டம் பழுது பார்க்கிறவன் கடைக்கு யாரும் சிரித்த முகமாக வருவதில்லை. ஏற்காடு கடைவீதியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மழையும் மின்னலும் கரண்ட் கட்டும் சேர்ந்து என் வயிற்றுப்பாட்டைக் கவனித்துக்கொள்கின்றன, குறையொன்றும் இல்லை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சகோதரர்களே, தலைச்சோலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பழனிசாமி அண்ணன் கதையைக் கேளுங்கள், ஆறுதலாக இருக்கும்.

களத்தில் காய்ந்த கம்ப்யூட்டர்

அண்ணன் ஆபீஸ் கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். திறந்தால் உள்ளே காப்பித் தொலி. கரண்ட் போய் வந்ததிலிருந்து அதில் எதையும் சேமிக்க முடியவில்லையாம். பனி ஈரம் ஏறிவிட்டது என்று முடிவு கட்டி, காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் கொட்டையோடு கொட்டையாக அதையும் வெயிலில் வைத்திருக்கிறார்.

ஈரமும் இல்லை, ஒன்றும் இல்லை. எந்தக் கோப்பு டிஸ்கில் எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்கிற விவரம்தான் மெட்டாடேட்டா. கரண்ட் போனதில் அது குழம்பியிருந்தது. அப்படிக் குழம்பினால் இயங்குதளத்தின் மையமான கெர்னல், மேற்கொண்டு கெடாமலிருக்க, 'படிக்கலாம், எழுதக்கூடாது' என்று டிஸ்கைப் பூட்டிவிடும். அப்போதே கொண்டுவந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். இதைச் சொன்னதற்கு அண்ணன் அசரவே இல்லை.

"ஏனுங்க தம்பி, இந்த மலையில களத்துல காயாத சாமான் எதுங்க இருக்குது?"

எல்லாத்துக்கும் ஆமாங்க

காயவைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுபடி ஓடவிட்டதும் கம்ப்யூட்டர் தன் டிஸ்கைத் தானே சோதித்து, திரையில் வரிசையாகக் கேள்விகள் கேட்டிருக்கிறது: இந்தப் பதிவு சரியில்லை, துடைக்கட்டுமா? அந்தப் பதிவு சரியில்லை, துடைக்கட்டுமா? அண்ணன் ஒன்று விடாமல், 'ஆமாம்' என்பதற்கான 'ஒய்' எழுத்தைத் தட்டியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அதில் என்ன இருந்தது என்று கேட்டபோதுதான் அவர் குரல் இறங்கியது. மகளின் கல்யாணப் படங்கள். போட்டோக்காரர் தன் கேமரா கார்டை அழித்துவிட்டு வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார், வேறு பிரதி கிடையாது. முகூர்த்த நேரத்தில் அண்ணன் மனைவி சரசக்கா மேடையிலேயே இல்லையாம். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி வந்திறங்கிய சம்பந்தியம்மாவுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். மகளுக்குத் தாலி கட்டியதை அவர் பார்க்கவில்லை. அந்த ஒரு படம் கிடைத்தால் போதும் என்றார் அண்ணன். அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. பிறகு ஏன்தான் ஒய் ஒய்யென்று தட்டினீர்கள் என்றேன்.

"அத்தன மருவாதியா கேக்குதுங்க. மூஞ்சிலடிச்சாப்புல இல்லீன்னு எப்படிங்க சொல்றது?"

இலை, இலை, இன்னொரு இலை

டிஸ்கை அப்படியே ஒரு பிரதி எடுத்து, அதில் வேலை செய்தேன். பாதிப் படங்கள் போயே போய்விட்டன. மீதி, பெயர் தொலைந்து வெறும் எண்களோடு ஒரே குவியலாகக் கிடைத்தன. போதாக்குறைக்கு, எஸ்டேட்டில் நோய் பார்ப்பதற்கு எடுத்த காப்பி இலைப் படங்களும் அதிலேயே கலந்திருந்தன.

சரசக்காவை வரச்சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். இலை. இலை. சாம்பார் அண்டா. மறுபடி இலை. தாலி கட்டும் படம் போன பாதியில் போயிருக்குமோ என்று பயந்துகொண்டே ஒவ்வொரு படமாகத் தட்டினேன். அக்கா மட்டும் பொறுமையாக, "அடுத்தது போடு சாமி" என்றுகொண்டிருந்தார்.

வந்தது. மாப்பிள்ளை கையில் தாலி, அட்சதை பாதி வழியில், நடுவில் மகள். அக்கா திரைக்கு நெருக்கமாகக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாரு சாமி, தலையக் குனியாம எப்படி உக்காந்திருக்கான்னு! நான் பக்கத்துல இருந்திருந்தா நறுக்குனு ஒரு குட்டு வெச்சிருப்பேன்."

கெட்டுப்போன டிஸ்குகளைச் சரி செய்கிற தொழில் என்றுதான் போர்டில் எழுதியிருக்கிறேன். உண்மையில் இது ஊரார் வீட்டுக் கல்யாணங்களுக்கு, எல்லாம் முடிந்தபிறகு போய், சாப்பாடு கிடைக்காமலே மனம் நிறைந்து திரும்புகிற தொழில்.