தோசைக்கு முதல் பாஸ்போர்ட்

டொரொண்டோவிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து ஒரு கிழமை. இன்று மத்தியானம் நாலு வயது மகளோடு பக்கத்துச் சைவக்கடைக்குப் போனேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் ஆமி மறித்துப் பாஸ்போர்ட் பார்த்தது.

கடையில் காக்கிச் சீருடை போட்ட வெயிட்டர் மேசைக்கு வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் மகள் என் பையில் கைவிட்டுத் தன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிவிட்டாள்.

"செல்லம், இவர் ஆமி இல்லை. சாப்பாடு தாறவர்."

"பாக்காட்டி விடமாட்டினம் அம்மா."

வெயிட்டர் மலையகத்துக்காரர். சிரிக்கவே இல்லை. படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தன நாளு இருப்பீங்க பாப்பா?"

"தோசை முடியுமட்டும்."

"சரி, சாப்பிடலாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

சேர்ந்து சிரிக்கலாமென்று பக்கத்து மேசையைப் பார்த்தேன். இடியப்பம் தின்றுகொண்டிருந்த ஐயா இடக்கையால் தன் அடையாள அட்டையை எடுத்து, சொதிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அதற்கடுத்த மேசையில் இன்னும் மூன்று அட்டைகள்.

என்னுடைய பாஸ்போர்ட்டும் எப்போதோ என் கைக்கு வந்திருந்தது.

கனடாவில் இருக்கிறவர்களே, அடுத்த மாதம் அங்கே பீட்சாக் கடையில் இவள் இதையே செய்தால் அந்த வெயிட்டருக்கு நான் என்ன சொல்ல?