கிரைண்டரடியில் ஒரு ஜோடிச் செருப்பு

போன வருஷம் கார்த்திகை மாதம் நடந்தது. எருத்தேன்பதிப் பக்கம், தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் வளைகாப்புக்காகக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தாள். அவள் குளிக்க வெந்நீர் வேண்டுமே என்று கீசர் வாங்கினோம். பழைய பீஸ் போர்டு தாங்காது என்று வயர்மேன் சொல்லிவிட, கரண்ட் கசிந்தால் தானே விழுந்துவிடும் புதிய பிரேக்கர் பெட்டி சுவரில் ஏறியது.

என் வீட்டுக்காரருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பீஸ் போனால் மோட்டார் வயரிலிருந்து தடிமனாக ஒரு செம்புக் கம்பியை உருவிப் பீங்கான் கட்டையில் முறுக்கிவிடுகிற ஆள் அவர். “நாங் கட்டுன பீஸு ஜென்மத்துக்கும் போகாது” என்பார். போகாதுதான். வீடே எரிந்தாலும் போகாது என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

எனக்கும் ஒரு வழக்கம் உண்டு. கிரைண்டரடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் மாவு தள்ளுவேன். வெறுங்காலோடு தொட்டால் கை சுர்ரென்னும். கிரைண்டர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் காலை, கிரைண்டரை ஓடவிட்டு வாழையிலை அறுக்கக் கொல்லைக்குப் போனேன். திரும்பி வரும்போது டப்பென்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

வீட்டுக்காரர் பெட்டிக்குமுன் நின்று ஆரம்பித்துவிட்டார். “பாத்தியா புள்ள, நல்லா இருந்த பீஸக் கழட்டிட்டு, தொட்டதுக்கெல்லாம் உளுகற பொட்டிய மாட்டிட்டுப் போயிட்டான். இதக் கழட்டி எறிஞ்சுட்டு டைரக்ட் குடுத்தர்றேன்.” விழுந்த சுவிட்சைத் தூக்கக் கை வைத்தார்.

நான் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். கிரைண்டர் மேல் ஈரக்கையை வைத்தபடி மகள் நின்றிருந்தாள். கழுவிவிட்ட தரை. வெறுங்கால். செருப்பு ஓரமாகக் கிடந்தது.

“மாவு தள்ளலாம்னு தொட்டேம்மா, சுர்ருன்னுச்சு. ஒடனே கரண்டு போயிருச்சு.”

“ஏனுங்க, அதத் தூக்காதீங்க” என்று கத்தியபடி அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

ஓடி வந்தவர் செருப்பைப் பார்த்து, “இது எதுக்குப் புள்ள இங்க?” என்றார். சொன்னேன். பிளக்கைப் பிடுங்கினார். கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் அதன் மூன்றாவது பின்னை, ஓட்டையில் பொருந்தவில்லை என்று கிரைண்டர் வாங்கிய அன்றே வெட்டியவர் அவர்தான். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளைப் பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு முகமே தெளிந்தது.

இந்த ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கு முன்னால் அந்தப் பெட்டிக்குத்தான் சந்தனம் வைத்தார். “கழட்டி எறியறேன்னீங்களே” என்று சீண்டினேன். “சும்மா இரு புள்ள, நம்மூட்டுக் கொழந்தைங்க ரெண்டையும் அதுதான் காப்பாத்திக் குடுத்துச்சு” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பேத்தி இப்போது அதே சமையலறையில் ஈரக்கையோடு தவழ்ந்து வருகிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், நான் பழகிக்கொண்டதை அந்தப் பெட்டி பழகிக்கொள்ளவில்லை என்று.