காட்டு ரயிலில் ஒரு கூப்பாடு

இலங்கையில் போர் முடிந்த அந்தக் கோடையில், வீட்டில் செய்தி பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், ரொறொன்ரோவுக்கு வெளியே காட்டுக்குள் ஓடும் பழைய நீராவி ரயிலில் தொண்டு வேலைக்குச் சேர்ந்தேன். பெட்டி கழுவும் வேலை. யாருடனும் பேசத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை ரயில் கார்ட் வரவில்லை. அவருடைய கொடியை என்னிடம் தந்தார்கள். கார்ட் உரக்கக் கூப்பிட்டுச் சனத்தை ஏற்றினால்தான் டிரைவர் ரயிலை எடுப்பார்.

மேடை நிறையச் சனம். ஆங்கிலம் வாயில் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஏறுங்கோ, ஏறுங்கோ, வெளிக்கிடப் போறம்!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திகைத்து நின்றார்கள். ஒரு தமிழ்ப் பெண் மட்டும் சிரித்தார்.

"அண்ணை, உது யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸோ, இப்பிடிக் கத்தி ஆள் ஏத்த? பிள்ளையள், ஓடி வாங்கோ, சீற் கிடைக்காது!"

அவர்கள் ஏற, மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள். ரயில் புறப்பட்டது. அன்றைய மிச்ச ஓட்டங்களுக்கும் தமிழிலேயே கூப்பிட்டேன்.