எடுத்த பிறகும் இருந்த விரல்

என் அத்தை கம்பளிச் சட்டையின் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் போடுவார். தையல் தோளில் பட்டால் நெருப்புக் கோடு இழுத்த மாதிரி இருக்குமாம். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஏன்க்கா, இருட்டுல எடுத்து மாட்டுனியா?" அத்தையும் சேர்ந்து சிரிப்பார். தகரக் கூரையில் மழை இறங்கினால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வார். அந்தச் சத்தம் எலும்புக்குள் விழுகிறது என்பார்.

கொழுந்துக் கூடையின் வாரைத் தலையில் மாட்டவே முடியாமல் போனபோதுதான் சிக்கல் முற்றியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. இரத்தத்திலும் குறையில்லை. வேலை வாங்கும் கங்காணி இதை நடிப்பு என்று முடிவுகட்டி, இனியும் மலை ஏறாவிட்டால் பேரை வெட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டார். பேர் போனால் லயத்து வீடும் போகும். அத்தைக்கு அதை விட்டால் வேறு கூரை கிடையாது.

நான் அப்போது பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, தோட்டத்து கிளினிக்கில் உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். கையில் கிடைத்த மருத்துவப் புத்தகத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த காலம். டவுனிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மலாய்க்கார டாக்டரிடம் அத்தையை நானே இழுத்துப்போனேன். அவர் கழுத்து, தோள், முழங்கை என்று அழுத்தி, வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார்: "சாக்கிட்?" அத்தையின் கண்ணில் நீர் கட்டி நிற்கிறது, வாயோ, "தடா டாக்டர், தடா" என்கிறது. இல்லையாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் எங்கள் தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான். துரையோ டாக்டரோ, பெரிய மனிதர் கேட்கும்போது குறை சொல்வது மரியாதை இல்லை. லயத்தில் முனகுகிறவர் டாக்டரிடம் வலியே இல்லை என்று சொன்னால், கங்காணி வேறு என்னதான் நினைப்பார்?

வலிக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், இவர் இல்லை என்றுதான் சொல்வார் என்று நான் மலாயில் படபடத்தேன். டாக்டர் யோசித்தார். முதலில் என்னைக் கண்மூடச் சொல்லித் தோளை அழுத்தி, விரலை எடுத்ததும் சொல்லச் சொன்னார். உடனே சொன்னேன். அடுத்து அத்தை. டாக்டர் அழுத்தினார், எடுத்தார், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே ஒரு லோரி உறுமிக்கொண்டு மேடேறி மறைந்தது. அத்தை வாயே திறக்கவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கி என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"டாக்டர கைய எடுக்கச் சொல்லு தாயி. போதும் லா."

இல்லாத விரலிலிருந்து அத்தை தோளை விலக்கிய விதமே போதும், நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வலி உண்மை, கூடை சுமக்காத வேலை, நாற்றுமேட்டில் கன்று வளர்க்கும் வேலை கொடுக்கவும் என்று டாக்டர் சீட்டு எழுதிவிட்டார்.

இன்று இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பேர் இருக்கிறது. தொட்டது நின்ற பிறகும் வலி எவ்வளவு நேரம் தங்குகிறது என்று ஆய்வுகளில் அளந்து பார்க்கிறார்கள். அன்று டாக்டருக்கே பேர் தெரியவில்லை. அதை ஒளிக்காமல் சொன்னார். பேரில்லாத நோயா என்று வழியெல்லாம் நான் குமுறிக்கொண்டு வந்தேன்.

"பேரு கெடக்கட்டும் புள்ள. நோவு நெசந்தான்னு சொல்லிட்டாருல்ல" என்றார் அத்தை.

கங்காணி வீட்டு வாசலில் அத்தையே சீட்டை நீட்டினார். வாங்கிப் படித்த கங்காணி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அத்தை அவரை நேராகப் பார்த்தார்.

"வலிக்குதுங்க."