இடது பக்கம் சத்தம் கம்மி

இயர்போன் செய்கிறவர்கள் அத்தனை பேரும் அயோக்கியர்கள் என்று நான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வாக்மேனோடு வந்தது, சிடி பிளேயருக்கென்று வாங்கியது, சீனாக்காரனின் எம்பி3 பிளேயர் டப்பாவுக்குள் சும்மா கிடந்தது, காதுக்குள் ரப்பரைத் திணிக்கிற புது மாடல் என்று எதை மாட்டினாலும் இடது பக்கம் சத்தம் கம்மியாகவே இருந்தது. இரண்டு காதுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு ஒரு காதில் கைவைக்கிறான்கள் என்பது என் முடிவு.

இதில் விருதுநகர் பஜாரில் இருந்த ஒரு செல்போன் கடைக்காரர் பட்ட பாடு கொஞ்சமில்லை. வாங்கிய மறுநாளே திருப்பிக்கொண்டு போய் நிற்பேன். மனுஷர் முகம் சுளிக்காமல் வேறு எடுத்துத் தருவார். நான் திருப்பிக் கொடுத்ததைத் துடைத்து அடுத்து வருகிறவருக்கு விற்றுவிடுவார் என்பது எனக்குத் தெரியும். அப்படி வாங்கிப் போன ஒருவர்கூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்பதும் தெரியும். ஊரில் ஒருத்தனுக்கும் காது சரியில்லை என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

எனக்கு வேலை சிவகாசியை ஒட்டி விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். லோடு ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு சரக்கிலும் கொஞ்சம் எடுத்து, பின்னால் இருக்கிற பொட்டலில் வெடித்துப் பார்ப்போம். பற்ற வைப்பது வேறு ஆள். பக்கத்தில் நின்று கேட்டு, ஒழுங்காக வெடித்ததா, புஸ்ஸென்று போனதா என்று எழுதுவதுதான் என் உத்தியோகம். காதை வைத்துச் சம்பளம், காதை வைத்தே பொழுதுபோக்கு. இதை நான் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.

பொழுதுபோக்கில் கூட்டாளி ஒருவன் இருந்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன், சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மிஷினுக்கு லீவு. பேப்பர் கட்டுகளைக் கூரை வரை அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. சென்னையில் பாட்டு ரெக்கார்டிங் செய்கிற இடம்கூட இவ்வளவு அமைதியாக இருக்காது என்று பேசிக்கொள்வோம். அந்த இடத்தை இரண்டு பேருமே பார்த்ததில்லை.

சோதனைக்கென்று ஒரே பாட்டு. இடது பக்கம் தபேலா, வலது பக்கம் வயலின், நடுவே எங்கேயோ ஒரு சின்ன மணி. எந்த இயர்போனிலும் தபேலா பம்முகிறது என்பேன் நான். தபேலா ஜம்மென்று இருக்கிறது, மணிதான் மங்கிவிட்டது என்பான் அவன். மணியாவது மண்ணாங்கட்டியாவது என்று நான் எகிறுவேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை நடக்கும். இத்தனைக்கும் ஊருக்குள் எங்களைக் கேட்காமல் யாரும் இயர்போன் வாங்குவதில்லை. இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போகிற பையன்கள்கூட, வழியில் கேட்க எது தோது என்று எங்களிடம் வந்து நிற்பார்கள். நாங்களும் சாமி வாக்கு மாதிரி சொல்லி அனுப்புவோம்.

என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மதுரையில் ஒரு காது டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாமே என்று அவ்வப்போது சொல்லிப் பார்ப்பாள். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். எனக்குப் பாட வராது, கணக்கு வராது, நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. நம் கையில் இருப்பது இந்தக் காது ஒன்றுதான், அதையும் கேள்வி கேட்கிறாளே என்று இருக்கும். உள்ளுக்குள் பயமும் இருந்தது. டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டால் அப்புறம் நான் யார்?

அந்தச் சமயத்தில்தான் கூட்டாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஓர் இயர்போன் கொண்டுவந்தான். பெரிய கம்பெனி சாமான், வயரைத் தொட்டாலே துணி மாதிரி மெத்தென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் போய்க் கையைக் கழுவிவிட்டு மாட்டினேன். இடது பக்கம் கம்மி. சிங்கப்பூர்க்காரனும் திருடனாகிவிட்டானே என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளே வந்தாள். சிவகாசியில் அன்றைக்கு ஒரு கல்யாண வரவேற்பு, என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

சத்தம் எதற்கு என்று கேட்டுவிட்டு, இயர்போனை வாங்கி அவளே மாட்டிக் கேட்டாள். தபேலாவும் வயலினும் சரிசமமாக இருக்கிறது என்றாள். கூட்டாளியைப் பார்த்து, மணிகூட ஆஸ்பத்திரி மணி மாதிரி கணீரென்று கேட்கிறதே அண்ணே என்றாள். அவன் முகம் செத்துப்போனது. பிறகு என் பக்கம் திரும்பி, இடது காதுக்கானதை வலது காதிலும் வலதுக்கானதை இடதிலும் செருகிவிட்டுப் பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

தபேலா வலது காதில் விரல் விரலாகக் கேட்டது. வயலினைக் காணோம்.

இயர்போனைக் கழற்றிக் கூட்டாளியிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டே அவன் சொன்னான். "ஏலே, நம்ம ரெண்டு பேரையும் சேத்தாக்கூட ஒரு முழுக்காது தேறாது போலயேலே."

எங்கே போனது என் இடது காது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பொட்டலில் திரி பற்றியதும், பேனா பிடித்த கையாலேயே வலது காதைப் பொத்திக்கொள்வேன். இடது கையில் எழுதுகிற அட்டை இருக்கும். அதனால் அந்தக் காதுக்குத் தோளைத் தூக்கிக்கொள்வேன். எங்கள் பக்கம் எல்லா ஆபீஸிலும் இதுதான் வழக்கம். தோள் ஒரு நாளும் காதைத் தொட்டதில்லை. பஞ்சு வைக்கலாம், ஆனால் வெடிச் சத்தத்துக்குப் பஞ்சு வைத்தவனைச் சிவகாசியில் ஆயுசுக்கும் கேலி செய்வார்கள்.

அடுத்த வாரமே மனைவியோடு மதுரைக்குப் போனேன். அங்கே கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஒரு ஹெட்போனை மாட்டினார்கள். அருமையான சாமான். எந்தக் கம்பெனி, எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். வலது காதுக்குக் கை நன்றாகவே மேலே போனது. இடது காதுக்கு மடியிலேயே கிடந்தது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். படியில் இறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி கைக்குட்டையை நீட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். தற்செயலாகத் திரும்பினால் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன என்று கேட்டேன். என் இடது காது விஷயம் அவளுக்கு வெகுநாளாகவே தெரியுமாம். என் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பக்கம் நின்று சொல்லித் தீர்த்துக்கொள்வாளாம். எங்கள் அம்மாவைத் திட்டினாயா, என்னைத் திட்டினாயா என்று கேட்டேன். சிரித்தாள். எழுந்து இடம் மாறி, வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொட்டலுக்கு இனிமே போகாதீகன்னுதான் சொல்லுவேன். கலியாணம் ஆன புதுசுல ஒருக்க இந்தப் பக்கம் சொன்னேன். அன்னைக்கு நீங்க சாப்பிடாமப் போயிட்டீக. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே சொல்லிக்கிட்டேன்."

பஸ் கள்ளிக்குடியைத் தாண்டியதும் அவள் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம், "கேட்டுருச்சு" என்றேன்.