மூட்டம் நீக்கிய காலை

எங்கள் தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காட்டைப் பார்க்க வருவதில்லை. காட்டுக்கு முன்னால் தாங்கள் எப்படி இருக்கிறோம் என்று பார்க்க வருகிறார்கள். அவர்களுக்காகவே உச்சியில், கம்பி வேலியை ஒட்டி, பெட்டிக்கடை அளவில் ஓர் அறை. உள்ளே ஒரு கணினி, படம் அச்சடிக்கும் இயந்திரம், கழுத்து சாய்ந்த மேசைவிசிறி, போட்டோக்காரி. பக்கத்துச் சன்னலில் உட்கார்ந்திருக்கும் என்னை அவள் ‘டிக்கெட்டு’ என்றுதான் கூப்பிடுவாள். பெற்றோர் வைத்த பெயர்கள் எங்கள் இருவருக்கும் மறந்தே போய்விட்டன.

வருகிறவர்களுக்கு மூட்டம் ஆகாது. “பின்னாடி மலையே தெரியலையேம்மா, இதுக்கா காசு?” என்று மல்லுக்கு நிற்பார்கள். மலையில் மூட்டம் இருந்தால் அவள் என்ன செய்வாள்? செய்தாள். கணினியில் மூட்டத்தை நீக்கும் வசதி ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் படம் படமாக அதைப் போட்டுக்கொண்டிருந்தவள், அலுத்துப்போய், எந்தப் படம் உள்ளே போனாலும் தானாகவே துடைத்து வெளியே வரும்படி வைத்துவிட்டாள். அதன்பிறகு எங்களுக்கு வருஷம் முழுக்க நீல வானம்தான்.

காலையில் பள்ளத்தாக்கை ஒரு படம் எடுத்துப் பூங்கா அலுவலகத்துக்கு அனுப்புவதும் அவள் வேலை. ‘இன்றைய காட்சி’ என்று அது இணையத்தில் ஏறும். அதைப் பார்த்துத்தான் ஜனம் வண்டியை எடுக்கும். அலுவலகமோ அடிவாரத்தில், மரங்களுக்கு நடுவில். அங்கே இருந்து மலையின் ஒரு கல்லைக்கூடப் பார்க்க முடியாது. காட்டைக் காக்கிற ரேஞ்சர் ஐயாவும் காட்டை அந்தப் படத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வீட்டுக்காரருக்கு எதிர்மலையில் வேலை, தீ கண்காணிக்கும் கோபுரத்தில். அதனால் கோபுரத்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். “வீட்டுலயும் வயர்லெஸ்லதான் பேசுவாரா?” என்று நான் கேட்டால், “அதுலயாவது பேசினா தேவலை” என்பாள்.

தீ வந்த அன்று காலையும் படம் பளிச்சென்றுதான் போயிற்று. மதியம் காற்று திரும்பியது. கிழக்குச் சரிவு எரிந்து, அடுத்த சரிவு எரிந்து, பேருந்துகளில் ஜனத்தை அடைத்து நாங்கள் கீழே அனுப்பினோம். அவள் அந்த நேரத்திலும் வேலியோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கை பழகிவிட்டது, வேறென்ன சொல்ல. அந்தப் படங்கள் ராத்திரிக்குள் எல்லா டிவியிலும் வந்துவிட்டன. எரிகிற சரிவுக்குள் இருந்து தன் புருஷனைத் தூக்கி வந்தார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது அதற்கும் அப்புறம். இரண்டு கையும் வெந்து போயிருந்தன. உயிர் இருந்தது.

பிறகு செய்தி மாறியது. கோபுரத்தில் இருந்தவன் தூங்கிவிட்டான், தகவலே தரவில்லை என்று ரேஞ்சர் சொன்னார். கோபுரத்தாரும் ஆமாம் என்று ஒத்துக்கொண்டாராம். டிவிக்காரர்கள் அதையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள். ‘உறங்கிய காவலாளி’ என்று கொட்டை எழுத்தில். என் கொழுந்தனார் மகன்கூட அதைச் சொல்லிச் சிரித்தான். ஓங்கி ஓர் அறை விட்டேன்.

போட்டோக்காரி அழவில்லை. பூங்காவைத் திறந்ததும் வேலைக்கு வந்தாள். டிவியில் பார்த்த கருகிய மலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள முன்னைவிட இரண்டு மடங்கு கூட்டம். அவள் அதே குரலில் “கொஞ்சம் சிரிங்க” என்றாள். சிரித்தார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தால் மூடி வைப்பாள். மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல நான் அவளிடம் ஏதாவது பேசிப் பார்ப்பேன். பதில் வரும், ஆள் வரமாட்டாள்.

ஒரு பத்திரிகையில் இருந்து கூப்பிட்டார்கள். தீக்கு முன், தீக்குப் பின் என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டுமாம். அன்று காலை எடுத்ததைப் பெரிய அளவில் அனுப்பச் சொன்னார்கள். அதற்காக அவள் கேமரா கார்டைத் திறந்தாள். கணினி கை வைக்காத படம் அதில்தான் இருக்கும்.

“டிக்கெட்டு, இங்க வா.”

போனேன். கிழக்குச் சரிவின் மேல், விரல் பருமனுக்கு, சாம்பல் நிறத்தில் நின்றது. மூட்டம் இல்லை. புகை. இணையத்தில் ஏறிய படத்தில் அந்த இடம் நீலமாக இருந்தது.

“நான் துடைச்சிட்டேன்” என்றாள்.

அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அவள் கட்டிலருகே நின்றபடியே கேட்டாள். “புகை தெரிஞ்சதா உங்களுக்கு?”

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “தெரிஞ்சுது. சொன்னேன். ரேஞ்சர் படத்தைப் பார்த்துட்டு, ‘உன் வீட்டுக்காரி படத்துல பளிச்சுனு இருக்கு, உனக்கு மட்டும் என்னய்யா புகை? வேணும்னா இறங்கிப் பாரு’ன்னாரு. இறங்கினேன்.”

“அப்புறம் எதுக்குத் தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டீங்க?”

“ரேஞ்சர் இங்க வந்து சொன்னாரு. நான் தகவல் சொன்னேன்னு வந்தா, படம் எப்படிச் சுத்தமா இருந்துச்சுன்னு கேப்பாங்களாம். நீ மாட்டுவியாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “எனக்கு இனிமே கை இல்ல. உன் வேலையாவது இருக்கட்டும். நீ சும்மா இரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ரேஞ்சர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவள் போர்வையை இழுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டு, வெளியே வந்தாள்.

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் போனாள். துணைக்கு நான். அதிகாரி இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அப்போ தப்பு உங்க பேர்ல வருமேம்மா?”

“வரட்டும் சார். அவர் தூங்கலைன்னு எழுதுங்க.”

தகவல் வந்தபோது ரேஞ்சர் என்ன சொன்னார் என்று அவர் கேட்டார். புருஷன் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கிளம்பும்போது மறுபடி, “தூங்கலைன்னு எழுதுங்க” என்றாள். எழுதியதை வாசித்துக் காட்டும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் வேலை அன்றைக்கே போயிற்று. ரேஞ்சரை மேலிடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னபோது கோபுரத்தாருக்கு அப்படி ஒரு கோபம். “உனக்கு மூளை இருக்கா? ரெண்டு பேரும் தெருவுல நிக்கிறதா? உன்னை யார் கேட்டா?” அந்த மனிதர் ஒரேயடியாக அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவரும் ஓய்ந்து, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“நான் தூங்கலைன்னு எழுதிட்டாங்களா?”

“எழுதிட்டாங்க.”

“டிவில சொல்லுவாங்களா?”

அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அவர் தோள் குலுங்கியது. கை இரண்டிலும் கட்டுப் போட்டிருந்ததால் அவளே முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள்.